கடைத்தெருவில் தெரியும் நெருக்கடி: வேலை குறைவதை முன்கூட்டியே கண்டறிவது எப்படி

நாட்டின் பொருளாதாரம் தளர்ந்திருக்கிறது என்ற செய்தி நாளிதழின் முதல் பக்கத்துக்கு வருவதற்குப் பல வாரங்கள் முன்னதாகவே மதுரை கீழமாசி வீதிக்கு வந்துவிடுகிறது. அந்த வீதியின் மளிகை மொத்தக் கடை ஒன்றில் இருபத்து மூன்று ஆண்டுகள் கணக்கு எழுதியவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன். மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி, வாடிப்பட்டி என்று சுற்று வட்டாரத்திலிருந்து சரக்கெடுக்க வரும் சில்லறைக் கடைக்காரர் ஒவ்வொருவர் கையிலும் வேண்டிய சரக்கை எழுதிய ஒரு சிட்டை இருக்கும். காலம் கெடத் தொடங்கும்போது அந்தச் சிட்டையில் முதலில் முந்திரியும் ஏலக்காயும் சுருங்கும். பிறகு சோப்பும் ஷாம்பும் பெரிய அளவிலிருந்து சிறிய அளவுக்கு இறங்கும். எண்ணெயை டின்னாகக் கேட்டவர்கள் கால் லிட்டர் பாக்கெட்டாகக் கேட்பார்கள். எல்லாவற்றுக்கும் கடைசியாகத்தான் துவரம்பருப்பு மூட்டையில் கை வைப்பார்கள். பருப்பு குறைந்துவிட்டால், அந்தக் கடைக்காரரின் ஊரில் கூலி வேலை பல வாரங்களாகவே சரியில்லை என்று பொருள்.

இப்படிப்பட்ட அடையாளங்களைப் படிக்கத் தெரிந்திருப்பது பொருளாதாரம் பயின்றவர்களுக்கு மட்டும் உரிய வேலை என்று யாரும் நினைக்க வேண்டியதில்லை. மகளிர் குழுவை நடத்தும் பெண், கடனுக்குச் சரக்குக் கொடுக்கும் கடைக்காரர், பிள்ளைகள் திடீரென்று வருவதை நிறுத்துவதைப் பார்க்கும் ஆசிரியர், புதிதாக வீட்டுக் கடன் வாங்கலாமா என்று யோசிக்கும் குடும்பத் தலைவர் ஆகிய எல்லோருக்கும் இது பயன்படும். நிலைமை முற்றிய பிறகு தெரிந்துகொள்வதற்கும், இரண்டு மாதம் முன்னதாகத் தெரிந்துகொள்வதற்கும் உள்ள வேறுபாடு பல வீடுகளில் நகை மிஞ்சுவதற்கும் மூழ்குவதற்கும் உள்ள வேறுபாடாக இருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

வேலை இருக்கிறதா என்று கேட்காதீர்கள், எத்தனை நாள் என்று கேளுங்கள்

முதலில் ஒரு தவறான எண்ணத்தை விலக்கிக்கொள்ள வேண்டும். வேலையின்மை என்றால் ஒருவர் வேலையை இழந்து வீட்டில் உட்கார்ந்திருப்பது என்று நினைக்கிறோம். மாதச் சம்பளக்காரர்களுக்கு அது பொருந்தும். ஆனால் நம் பக்கத்தில் பெரும்பாலானோர் நாள் கூலிக்கோ, எண்ணிக்கைக் கூலிக்கோ, சொந்தத் தொழிலுக்கோ போகிறவர்கள். அவர்களுக்கு வேலை ஒரே நாளில் போவதில்லை. வாரத்தில் ஆறு நாள் ஐந்தாகும், ஐந்து மூன்றாகும். மூன்று நாள் வேலைக்குப் போகும் கொத்தனாரிடம் போய், வேலை இருக்கிறதா என்று கேட்டால், இருக்கிறது என்றுதான் சொல்வார்.

அரசின் கணக்கெடுப்பும் இதே இடத்தில்தான் தடுமாறுகிறது. 2017ஆம் ஆண்டு முதல் தேசிய புள்ளியியல் அலுவலகம் நடத்திவரும் காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பில், வாராந்திர நிலை என்ற அளவுகோலின்படி, முந்தைய ஏழு நாள்களில் ஏதேனும் ஒரு நாளில் ஒரு மணி நேரமாவது வேலை செய்தவர் வேலையில் இருப்பவராகவே எண்ணப்படுகிறார். இந்த வரையறை உலக நாடுகள் பலவும் பின்பற்றும் ஒன்றுதான். அதைக் குற்றம் சொல்ல வரவில்லை. 2025 மே மாதம் முதல் இக்கணக்கு மாதந்தோறும் வெளியிடப்படுவதும் நல்லதே. எனினும், ஆறு நாள் மூன்று நாளாகும் நெருக்கடியை அந்த ஒற்றைச் சதவீதத்தில் மட்டும் தேடினால் கண்ணில் படாது. ஆகவே நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்றுதான்: ‘போன வாரம் எத்தனை நாள் வேலைக்குப் போனீர்கள்?’

இதைக் கேட்காமலேயே அறிய ஒரு வழி உண்டு. ஒவ்வொரு ஊரிலும் கொத்தனார், அவருக்கு உதவும் நிமிந்தாள், கல்லும் கலவையும் சுமக்கும் பெண்ணான சித்தாள், பெயிண்டர் ஆகியோர் காலையில் தூக்குவாளியோடு கூடி நிற்கும் ஒரு முக்கு இருக்கும். ஆறரை மணிக்கு அங்கே கூட்டம் இருப்பது இயல்பு. ஒன்பது மணிக்கு எத்தனை பேர் மிச்சம் நிற்கிறார்கள் என்பதையே எண்ண வேண்டும், ஏனெனில் அதற்கு மேல் ஆளைக் கூப்பிட யாரும் வரமாட்டார்கள். வாரத்தில் இரண்டு நாளைத் தேர்ந்துகொண்டு, அதே நாளில், அதே நேரத்தில், அதே இடத்தில் எண்ணுங்கள். ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், செவ்வாய்க்கிழமை புது வேலை தொடங்க நம்மவர்கள் தயங்குவதால் அதுவும் வேண்டாம். நான் திங்களும் வியாழனும் எண்ணுவேன்.

எண்ணிக்கையோடு, யார் மிச்சம் நிற்கிறார்கள் என்பதையும் பாருங்கள். வேலை சுருங்கும்போது கொத்தனாரின் சம்பளம் உடனே குறைவதில்லை. எட்டு ஆள் வேலை ஐந்து ஆள் வேலையாகும். கலவை கலப்பதையும் கல் சுமப்பதையும் கொத்தனாரே சேர்த்துச் செய்வார். முதலில் கழித்துவிடப்படுகிறவர் சித்தாள். ஒன்பது மணிக்கு அந்த முக்கில் பெண்கள் மட்டும் மிச்சம் நிற்கிற வாரத்தை நோட்டில் தனியாகக் குறித்துவையுங்கள். கட்டட வேலை எப்படிப் போகிறது என்பதைக் காட்ட இதைவிடக் கூர்மையான அடையாளம் எனக்குத் தெரிந்து இல்லை. வேலைக்காரர்களுக்குக் காலை டீயும் வடையும் யார் கணக்கு என்பதும் கவனிக்கத் தக்கது. ஆள் கிடைக்காத காலத்தில் அது வீட்டுக்காரர் கணக்கு, வேலை கிடைக்காத காலத்தில் அவரவர் கணக்கு.

மதுரையை அடுத்த கப்பலூர்த் தொழிற்பேட்டை போன்ற இடங்களில் வரிசை சற்று வேறு. முதலில் ஓவர்டைம் நிற்கும். அடுத்து இரவு ஷிப்டு நிற்கும். பிறகு ஒப்பந்தத் தொழிலாளர்கள், அவர்களுக்குப் பின் தற்காலிகப் பணியாளர்கள், இறுதியாகத்தான் நிரந்தரப் பணியாளர்கள். நிரந்தரப் பணியாளரை நீக்கினால் அது செய்தியாகும். ஓவர்டைம் நின்றால் எந்தச் செய்தியிலும் வராது, ஆனால் அந்தப் பகுதி டீக்கடையில் மாலை ஆறு மணிக்கே கூட்டம் சேர்வதிலும், மெஸ்ஸில் இரவுச் சாப்பாடு மிஞ்சுவதிலும் தெரிந்துவிடும். அப்பளம் தேய்க்கும் வேலைக்குப் போகிற பெண்களைப் பொறுத்தவரை, ஒரு நாளைக்குக் கையில் கொடுக்கப்படும் மாவின் அளவே அவர்களுடைய வேலை நாள். மாவு பாதியானால் வேலை பாதியாயிற்று என்று கொள்ளலாம், மழைக்காலமாக இல்லாதிருந்தால்.

பருவத்தைக் கழித்துக்கொள்ளுங்கள்

மேலே மழைக்காலம் என்று சொன்னதை விளக்க வேண்டும், ஏனென்றால் அடையாளம் பார்க்கத் தொடங்குகிறவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான். எங்கள் ஊரில் எந்தத் தொழிலும் பன்னிரண்டு மாதமும் ஒரே சீராக நடப்பதில்லை. ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இல்லை. பந்தல்காரர், சமையல் மாஸ்டர், நாதஸ்வரக்காரர், வீடியோ எடுப்பவர் எல்லோரும் சும்மாதான் இருப்பார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் செங்கல் சூளை நிற்கும், அப்பளம் காயாது. மே மாத இறுதியிலும் ஜூன் தொடக்கத்திலும் அடகுக் கடையில் கூட்டம் நிற்பது பள்ளிக் கட்டணத்துக்காக. ஹோலிக்கும் சத் பூஜைக்கும் வட மாநிலத் தொழிலாளர்கள் மூட்டை முடிச்சோடு ரயில் ஏறுவது ஆண்டுதோறும் நடப்பது. அந்த மாதங்கள் தவிர்த்த வேறொரு மாதத்தில் அவர்கள் கூட்டமாகத் திரும்பினால்தான் அது அடையாளம்.

மல்லிகையை எடுத்துக்கொள்ளுங்கள். 2013இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லியின் விலையைப் பார்த்து ஊரின் நிலைமையைச் சொல்லிவிடலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. அது இயலாது. பனிக்காலத்தில் செடி பூப்பது குறைவதால் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் விலை ஏறும். கோடையில் வரத்துக் கூடி விலை சரியும். முகூர்த்த நாளுக்கு முந்தின நாள் விலை தனி. இவற்றில் எதற்கும் மக்களின் வருமானத்தோடு நேர்த்தொடர்பு கிடையாது. பூவில் பார்க்க வேண்டியது தெருவில் முழம் போட்டு விற்கும் பெண்ணின் கூடையைத்தான். விலை மலிவாக இருக்கும் நாளிலும் மாலை ஏழரை மணிக்குக் கூடையில் பூ வாடிக்கிடந்தால், அது வேறு செய்தி.

எனவே இந்த மாதத்தைப் போன மாதத்தோடு ஒப்பிடாதீர்கள். சென்ற ஆண்டின் இதே தமிழ் மாதத்தோடு ஒப்பிடுங்கள். ஆங்கில மாதத்தைவிடத் தமிழ் மாதம் வசதியானது, ஏனென்றால் நம் கடைத்தெரு ஓடுவது அதைப் பின்பற்றித்தான்.

வீட்டுக்குள் எது முதலில் குறைகிறது

வருமானம் குறையும்போது குடும்பச் செலவில் உணவின் பங்கு கூடும் என்பதை ஜெர்மனியப் புள்ளியியலாளர் எர்ன்ஸ்ட் எங்கல் 1857இலேயே எழுதிவிட்டார். இந்தியாவில் 2022-23ஆம் ஆண்டுக்கான நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பில், கிராமக் குடும்பங்களின் செலவில் ஏறத்தாழ 46 சதவீதமும் நகரக் குடும்பங்களின் செலவில் ஏறத்தாழ 39 சதவீதமும் உணவுக்குப் போனதாகத் தெரிய வந்தது. உங்கள் வீட்டிலேயே மூன்று மாதம் இதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சம்பளம் மாறாத நிலையில் இந்தப் பங்கு மாதத்துக்கு மாதம் ஏறினால், நீங்கள் கவனிக்காமலேயே வேறு எதையோ விட்டுக்கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

தெருக்கடையில் இந்த விட்டுக்கொடுத்தல் ஓர் ஒழுங்கில் நடக்கும். ஆவின் பாலில் ஆரஞ்சு பாக்கெட் வாங்கியவர்கள் பச்சைக்கும், பச்சை வாங்கியவர்கள் நீலத்துக்கும் மாறுவார்கள். வண்டிக்கு லிட்டர் கணக்கில் பெட்ரோல் போட்டவர்கள் ஐம்பது ரூபாய்க்குப் போடுங்கள் என்பார்கள். இரண்டு சிம் வைத்திருந்தவர்கள் ஒன்றுக்கு ரீசார்ஜ் செய்யமாட்டார்கள். ரேஷன் புழுங்கலரிசியை மாவு ஆட்டுகிறவருக்குக் கொடுத்துவந்த வீட்டில் அதையே சமைக்கத் தொடங்குவார்கள். அம்மா உணவகத்தில் ஒரு ரூபாய் இட்லிக்கு நிற்கும் வரிசையில், அடையாள அட்டையைச் சட்டைப் பைக்குள் செருகிக்கொண்டு அலுவலகம் போகிறவர்கள் நிற்பார்கள். ஜூன் மாதத்தில் தனியார் பள்ளியிலிருந்து மாற்றுச் சான்றிதழ் வாங்கி மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளையைச் சேர்ப்பார்கள். மாநகராட்சிப் பள்ளிகளில் நல்ல பள்ளிகள் உண்டு. விரும்பிச் சேர்ப்பவர்களும் உண்டு. படிப்பு முடிய ஓராண்டோ ஈராண்டோ இருக்கும்போது நடுவில் மாற்றுவதையே அடையாளமாகக் கொள்ள வேண்டும்.

ஏலச் சீட்டு நடத்துகிறவர்களிடம் பழக்கம் இருந்தால் தள்ளு, அதாவது சீட்டை முன்னதாக எடுக்க விட்டுக்கொடுக்கும் தொகை, எவ்வளவு போகிறது என்று கேட்டுப் பாருங்கள். நல்ல காலத்தில் முதல் சில மாதங்களில் சீட்டை எடுக்க ஆள் குறைவாக இருக்கும், ஒருவர் இருவர் அவசரத்துக்குத் தள்ளி எடுப்பார்கள். கெட்ட காலத்தில் முதல் மாதத்திலேயே பத்துப் பேர் போட்டி போட்டுத் தள்ளுவார்கள். தீபாவளிச் சீட்டில் இடையில் நிற்கிறவர்களின் எண்ணிக்கையும் இதே கதையைச் சொல்லும். இன்னொரு நோட்டு செய்முறை நோட்டு. சொந்த பந்தங்களின் விசேஷங்களில் வந்த மொய்யை எழுதிவைக்காத வீடு நம் பக்கத்தில் குறைவு. விலைவாசி ஏறியிருக்கும்போதும் மொய் மட்டும் ஐந்நூற்று ஒன்றிலேயே நிற்பதும், பிள்ளைக்குக் காது குத்த இன்னும் காலம் இருக்கும்போதே பத்திரிகை அடித்து விசேஷம் வைத்துச் செய்முறையைத் திரும்ப வாங்கப் பார்ப்பதும், கையில் பணம் வறண்டிருப்பதைக் காட்டும்.

நகை பேசுவதைக் கேளுங்கள்

வீட்டுக்குள் இருக்கும் அடையாளங்களில் நான் அதிகம் நம்புவது அடகு நகையை. வங்கியோ, அடகுக் கடையோ, நகை வைக்க யார் வந்தார்கள் என்பதைவிட அவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதையே பார்க்க வேண்டும். விதைப்புக்கு வைத்து அறுப்புக்குத் திருப்புவது ஆண்டுதோறும் நடக்கும் சுழற்சி. அதில் கவலைப்பட ஒன்றுமில்லை. வட்டியை மட்டும் கட்டி அதே நகையைத் திருப்பி வைப்பது முதல் கட்டம். தங்கத்தின் விலை ஏறியிருப்பதைப் பயன்படுத்தி, அதே நகைக்குக் கூடுதல் தொகை வாங்கிப் பழைய வட்டியையும் அதிலேயே கழிப்பது இரண்டாம் கட்டம். இதில் குடும்பத்துக்குக் கடன் ஏறுவது தெரியாது, ஏனென்றால் கையில் கொஞ்சம் பணம் வருகிறது. வட்டியும் கட்ட இயலாமல் நகை மூழ்கிப் போவது மூன்றாம் கட்டம். நாளிதழில் நுண்ணெழுத்தில் வரும் நகை ஏல அறிவிப்புகளைப் பெரும்பாலோர் புரட்டிவிட்டுப் போகிறோம். அவை எத்தனை பத்தி வருகின்றன என்று மாதம் ஒருமுறை பாருங்கள். நகையின் மதிப்பில் 75 சதவீதம் வரைதான் கடன் கொடுக்கலாம் என்ற வரம்பை, 2020 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு 90 சதவீதமாகத் தற்காலிகமாக உயர்த்தியது. பொதுமுடக்கத்தில் வருமானம் இழந்த குடும்பங்களுக்கு மிஞ்சியிருந்த ஒரே கையிருப்பு நகைதான் என்பதை அரசு அமைப்புகளும் அறிந்திருந்தன என்பதற்கு அது சான்று.

எந்த நகை போகிறது என்பதும் முக்கியம். வளையலும் மோதிரமும் முதலில், பிறகு ஆரம், பிறகு பிள்ளையின் இடுப்புக் கொடி, கடைசியில் தாலிக் கொடி. மஞ்சள் கயிறு அணிந்திருப்பவர் எல்லோரும் கொடியை அடகு வைத்தவர்கள் அல்லர். வழிப்பறிக்கு அஞ்சியும் வழக்கத்தின்படியும் அணிபவர்கள் பலர். ஆனால் ஒரு தெருவில் ஒரு பருவத்துக்குள் பல கழுத்துகள் கொடியிலிருந்து கயிற்றுக்கு மாறினால், அந்தத் தெருவில் யாரையும் எதுவும் கேட்க வேண்டிய தேவையில்லை. தெற்கு ஆவணி மூல வீதி நகைக் கடைகளிலும் இதே முறையில் பார்க்கலாம்: பழையதைப் போட்டுப் புதியது எடுக்கிறவர்கள் எத்தனை பேர், பழையதைக் கொடுத்துக் காசாக வாங்கிப் போகிறவர்கள் எத்தனை பேர் என்று கடையில் வேலை பார்ப்பவர்களுக்குத் தெரியும். விலை உச்சத்தில் இருப்பதால் லாபத்துக்கு விற்பவர்களும் அதில் உண்டு என்பதால் இந்த ஓர் அடையாளத்தை மட்டும் வைத்து முடிவுக்கு வரக் கூடாது.

நாடு தழுவிய நெருக்கடியும் ஊர் மந்தமும் ஒன்றல்ல

இதுவரை சொன்னவை வருமானம் குறைவதன் அடையாளங்கள். கடையில் பொருள் இருக்கும், வாங்க ஆள் இருக்கமாட்டார். இதற்கு நேர்மாறான நெருக்கடி ஒன்று உண்டு: கையில் பணம் இருக்கும், கடையில் பொருள் இருக்காது. இலங்கையில் 2022இல் நடந்தது இந்த இரண்டாம் வகை. அந்நியச் செலாவணிக் கையிருப்பு வற்றியதால் எரிபொருள், சமையல் எரிவாயு, பால்மா எனப்படும் பால் பவுடர் ஆகியவற்றுக்கு மக்கள் மணிக்கணக்கில் வரிசையில் நின்றார்கள். மார்ச் மாத இறுதியில் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை நீண்டது. அச்சடிக்கக் காகிதம் இல்லாமல் மேல் மாகாணத்தில் பள்ளித் தேர்வுகள் தள்ளிவைக்கப்பட்டன. அதே மார்ச்சில் தமிழ்க் குடும்பங்கள் படகேறித் தனுஷ்கோடிக் கரையில் வந்து இறங்கின. வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்திவைப்பதாக அந்நாட்டு அரசு அறிவித்தது அதற்குப் பின், ஏப்ரல் 12 அன்றுதான். செப்டம்பரில் கொழும்பின் விலைவாசி உயர்வு ஏறத்தாழ 70 சதவீதத்தைத் தொட்டது. அரசு அறிவிப்பதற்கு முன்பே பால்மா வரிசையும் படகும் சொல்லிவிட்டன என்பதைக் கவனியுங்கள்.

இந்தியா இதுபோன்ற விளிம்புக்கு 1991இல் போயிற்று. சில வாரங்கள் இறக்குமதிக்கு மட்டுமே போதுமான கையிருப்பு இருந்த நிலையில், அந்த ஜூலையில் ஏறத்தாழ 47 டன் தங்கத்தை ரிசர்வ் வங்கி வெளிநாட்டு மத்திய வங்கிகளிடம் ஈடு வைத்தது. ஒரு குடும்பம் செய்வதையே நாடும் செய்தது. அந்த நெருக்கடியின் முதல் அடையாளம் கடைத்தெருவில் அல்ல, விமான நிலையங்களில் தெரிந்தது: 1990 ஆகஸ்டில் ஈராக் குவைத்துக்குள் புகுந்தபின் 1,70,000க்கும் அதிகமான இந்தியர்கள் அங்கிருந்து திரும்ப அழைத்துவரப்பட்டார்கள். அவர்கள் அனுப்பிவந்த பணம் நின்றது. எண்ணெய் விலை ஏறியது.

ஆகவே, வெளியே போனவர்கள் திரும்புவதை எப்போதும் கவனியுங்கள். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வெளி மாநிலங்களுக்கு முறுக்குப் போடப் போனவர்களும், திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்குப் போனவர்களும் பொங்கலுக்கும் கோயில் திருவிழாவுக்கும் வருவார்கள், ஒரு வாரத்தில் போய்விடுவார்கள். திருவிழா எதுவும் இல்லாத நாளில் ஆரப்பாளையம் பேருந்து நிலையத்தில் திருப்பூர் பேருந்திலிருந்து கேஸ் அடுப்பு, வாளி, பாய் சகிதம் குடும்பங்கள் இறங்கினால் அது வேறு வகை வருகை. இந்தியப் பொருள்கள் மீது 2025 ஆகஸ்ட் இறுதியில் அமெரிக்கா 50 சதவீத வரி விதித்தபோது எங்கள் வட்டாரத்தில் கவலை எழுந்ததற்குக் காரணம் இதுவே. திருப்பூரின் ஆர்டர் புத்தகம் இங்கே பல கிராமங்களின் அடுப்போடு பிணைந்திருக்கிறது. வந்தவர்கள், நூறு நாள் வேலை என்று அழைக்கப்பட்டுவந்த அரசின் ஊரக வேலைத் திட்டத்துக்குப் பெயர் கொடுப்பது வழக்கமாக இருந்தது. 2020-21இல் நாடு முழுவதும் ஏழரைக் கோடிக்கும் அதிகமான குடும்பங்கள் அந்த வேலைக்குப் போயின. அதுவரை அந்தத் திட்டம் காணாத எண்ணிக்கை அது.

சரக்குப் போக்குவரத்தையும் பாருங்கள். லோடு கிடைக்காமல் லாரிகள் வரிசையாக நிற்பது எல்லோருக்கும் தெரிந்த அடையாளம். அதைவிட முந்தியது பழைய அட்டைப் பெட்டியின் விலை. பெட்டிக்குள் வைத்து அனுப்பப் பொருள் இல்லாதபோது புது அட்டைக்குத் தேவை குறையும், புது அட்டை செய்யும் ஆலை பழைய அட்டையை வாங்காது, கடைசியில் தெருவில் அட்டை பொறுக்கும் முதியவருக்குக் கிலோவுக்குக் கிடைக்கும் காசு குறையும். 2008இன் இறுதியில் உலகெங்கும் கழிவுக் காகித விலை சரிந்தது இப்படித்தான். பழைய இரும்புக் கடைக்காரரிடம் வாரம் ஒருமுறை அட்டை என்ன விலை என்று கேட்பது பெரிய சிரமமில்லை.

ஏமாற்றும் அடையாளங்கள்

சில காட்சிகள் வளர்ச்சிபோலத் தோன்றும். சாலையோரத்தில் ஒரே மாதத்தில் ஐந்து தள்ளுவண்டிப் பிரியாணிக் கடைகள் முளைப்பதைப் பார்த்து ஊர் செழிக்கிறது என்று நினைத்துவிடலாம். வேலை போனவர்கள் கையில் கிடைத்த கடைசித் தொகையைப் போட்டுத் தொடங்கியவையாகவும் அவை இருக்கலாம். மூன்று மாதம் கழித்து எத்தனை மிஞ்சுகின்றன, மிஞ்சியவற்றில் ஒரு நாளைக்கு எத்தனை தேக்சா ஓடுகிறது என்று பாருங்கள். உணவு கொண்டுபோகும் இளைஞர்களின் எண்ணிக்கை கூடுவதும் அப்படியே. ஆள் கூடி, ஒருவருக்குக் கிடைக்கும் ஆர்டர் குறைந்தால், அது வேலை பெருகியதாகாது, இருந்த வேலையைப் பங்கு போட்டதாகும். கணக்கெடுப்பில் இவர்கள் எல்லோரும் வேலையில் இருப்பவர்கள்தான்.

எதிர்த் திசையில் ஏமாற்றுவதும் உண்டு. 2022இல் நடந்த குரூப் 4 தேர்வில் 7,301 பணியிடங்களுக்கு 22 லட்சம் பேர் விண்ணப்பித்தார்கள். இத்தனை பேரும் வேலையற்றவர்கள் என்று பேசுவது சரியில்லை. ஏற்கெனவே தனியார் வேலையில் இருந்துகொண்டு நிலையான வேலை தேடுபவர்களும், கல்லூரியில் படித்துக்கொண்டிருப்பவர்களும் அதில் கணிசம். அந்தத் தொகை காட்டுவது இருக்கிற வேலைகளின் மீது நம்பிக்கை இல்லாமையை. அதுவும் கவலைக்குரியதே, ஆனால் வேறு கவலை.

நோட்டை எப்படி வைத்துக்கொள்வது

நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். வாரத்துக்கு ஐந்து வரிக்கு மேல் எழுதாதீர்கள்; அதிகம் எழுதத் தொடங்கினால் இரண்டாம் மாதத்தில் நின்றுவிடும். ஒன்பது மணிக்கு முக்கில் மிச்சம் நிற்பவர்கள், தெருக்கடையில் கடன் சொல்லி வாங்கியவர்கள், அட்டை விலை, உங்களுக்குத் தெரிந்த ஒரு தொழிற்சாலையின் ஓவர்டைம், மாத இறுதியில் நகை பற்றி ஒரு வரி. தேதியோடு தமிழ் மாதத்தையும் எழுதுங்கள். வெவ்வேறு தட்டில் உள்ள மூன்று அடையாளங்கள், அதாவது கூலிக்காரர், கடைக்காரர், மாதச் சம்பளக்காரர் என்ற மூவரும், தொடர்ந்து எட்டு வாரங்கள் ஒரே திசையில் போனால் அதைப் பொருட்படுத்தலாம். ஒன்று மட்டும் போனால் அது அந்தத் தொழிலின் சிக்கல்.

ஒருபோதும் ஆள் பெயரை எழுதாதீர்கள். யார் வீட்டில் கொடி போயிற்று என்பது உங்கள் நோட்டுக்குத் தேவையில்லாத செய்தி. எத்தனை வீட்டில் என்பதே தேவை. நம் ஊரில் பணமுடையைவிட அது வெளியே தெரிவதற்கு அஞ்சுகிறவர்கள் அதிகம், அந்த மானத்தைக் காப்பது கணக்கு எடுப்பவரின் பொறுப்பு. பார்த்ததை வைத்து வதந்தியும் பரப்ப வேண்டாம். வங்கி மூழ்கப் போகிறது என்ற பேச்சு கிளம்பினால் ஒன்றை நினைவூட்டுங்கள்: 2020 பிப்ரவரி முதல் ஒரு வங்கியில் ஒருவருடைய வைப்புத் தொகைக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு இருக்கிறது.

குறிப்புகள் ஒரே திசையில் போகத் தொடங்கியதும் செய்யக்கூடியவை சில உள்ளன. புதிதாக மாதத் தவணை எதையும் ஏற்காதீர்கள். ஒரு குழுவில் வாங்கி இன்னொரு குழுவுக்குக் கட்டும் பழக்கம் தொடங்கியிருந்தால், மூன்றாவது குழுவில் சேருவதற்கு முன் நிறுத்தி, கட்டும் காலத்தை நீட்டித்துத் தரும்படி இப்போதே கேளுங்கள். தவணை தவறிய பிறகு கேட்பதைவிடத் தவறுவதற்கு முன் கேட்டால் செவிசாய்ப்பார்கள். தினமும் வசூலிக்கும் தண்டலுக்கும், மணிக்கணக்கில் ஏறும் மீட்டர் வட்டிக்கும் போகவே போகாதீர்கள். அளவு மீறிய வட்டியைத் தடுக்க 2003ஆம் ஆண்டிலிருந்து தமிழ்நாட்டில் சட்டம் இருக்கிறது, ஆனால் சட்டத்தை நாடும் நிலைக்கு வந்த குடும்பம் அதற்குள் பாதி அழிந்திருக்கும். கடைக்காரராக இருந்தால் மெதுவாக ஓடும் சரக்கைக் குறைத்து, பருப்பையும் எண்ணெயையும் சிறிய பொட்டலமாகப் போட்டு வையுங்கள். கடன் நோட்டை ஒரேயடியாக மூடாதீர்கள், ஒரு வீட்டுக்கு ஒரு வரம்பு வையுங்கள். குழுத் தலைவியாக இருந்தால் சுழல் நிதியை மருத்துவச் செலவுக்கென ஒரு பகுதி ஒதுக்கிவிட்டுப் பிறகு கடனாகக் கொடுங்கள்.

நிலைமை திரும்புவதும் ஒரு வரிசையில்தான் நடக்கும். முதலில் முக்கில் ஒன்பது மணிக் கூட்டம் கரையும். அதற்குப் பின் ஒரு மாதம், இரண்டு மாதம் கழித்துத் தெருக்கடைக் கடன் அடையும். சித்தாள்களுக்கு வேலை திரும்ப இன்னும் சிறிது காலம் ஆகும். முந்திரியும் ஏலக்காயும் மீண்டும் சிட்டையில் ஏறும். நகை எல்லாவற்றுக்கும் கடைசி. 2020இல் எங்கள் கடையில் சுமை தூக்கியவர்களில் ஒருவர் அடகு வைத்த மனைவியின் கொடியைத் திருப்பியது 2023 தை மாதத்தில். கடை வியாபாரம் பழைய நிலைக்கு வந்து அப்போது ஓராண்டுக்கு மேல் ஆகியிருந்தது.